தேவசகாயம் சார் மொழிபெயர்த்த சுவீடன் படம்

இதை எழுத எனக்குப் பல வருஷம் கை வரவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் ‘இந்தத் தடவை எழுதிவிடுவோம்’ என்று உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சம்பந்தப்பட்டவர் முதல் பெஞ்சிலிருந்து கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், பேனாவை மூடிவிடுவேன். இப்போது அவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார். அவர் வீட்டம்மாவிடமும் மகளிடமும் போய்க் கேட்டேன். “எழுதுங்க அண்ணே, ஆனா உள்ளது உள்ளபடி எழுதுங்க” என்று மகள் சொன்னது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டர் ஆபரேட்டர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு இப்போது படம் தகரப் பெட்டியில் வருவதில்லை. பொத்தானை அமுக்கினால் தானாக ஓடுகிறது. ஆகவே ரீல் சுற்றிய கதையெல்லாம் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஜனம் அன்றும் இன்றும் அதே ஜனம்தான். நம் பக்கத்து ஜனம் படம் பார்ப்பதோடு நிற்காது, படத்தோடு பேசும். நான் வலங்கைமானில் வேலை பார்த்தபோது ஓர் அம்மா வாரம் தவறாமல் வருவார். படத்தில் யாராவது செத்துவிட்டால் போதும், பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படியில் நுழைவார். “துக்க வீட்டுக்குப் போயிட்டு அப்படியே உலை வைக்கச் சொல்றியா?” என்று என்னையே கேட்டார். இந்த மாதிரி ஜனத்தை வைத்துக்கொண்டு படம் ஓட்டியவன் நான்.

கதை நடந்தது வீட்டுக்கு வீடு கேபிள் வயர் இழுத்துக்கொண்டிருந்த காலம். தியேட்டரில் முன் வரிசை பெஞ்சுகளில் ஆடு படுத்திருக்கும். ஊரில் பாதிப் பையன்கள் சிங்கப்பூரிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் நிற்கிற கூட்டம் தியேட்டரில் இல்லை. பிழைப்புக்காக நான் ஒரு சின்ன பதினாறு எம்.எம். புரொஜெக்டரை வைத்துக்கொண்டு கோயில், பள்ளிக்கூடம் என்று படம் போட்டு வந்தேன்.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் எங்கள் லுத்தரன் சபைக்கு அந்த வருஷம் ஓர் இளவயசுப் போதகர் வந்திருந்தார். எங்கள் சபையில் போதகரை ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், எங்களுக்குப் பழகிவிட்டது. இந்த ஐயருக்குச் சினிமா என்றால் உயிர். சென்னையில் ஒரு சினிமா சங்கத்தில் இருந்த சிநேகிதர் மூலமாக ஒரு சுவீடன் படத்தை வரவழைத்தார். ரொம்பப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். உலகம் பூரா பேர் வாங்கிய குடும்பக் கதையாம்.

சுவீடன் என்ற பேர் வெளியே வந்ததும் சபையே சிலிர்த்துக்கொண்டது. ஏனென்றால் எங்கள் தாத்தாமாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அந்தத் தேசத்து மிஷனரிகள். சுவீடன் என்றால் எங்களுக்கு மோட்சத்துக்குப் பக்கத்துத் தாலுகா. அங்கிருந்து வருகிற படம் வேறு எப்படி இருக்கும்? கமிட்டி கூடி, ஜெபத்தோடு ஆரம்பிப்பது என்றும், ஒரு கீர்த்தனை பாடுவது என்றும், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் போடுவது என்றும் முடிவு செய்தது. ஐயர் மட்டும் லேசாக இருமினார். “அது பக்திப் படம் இல்லீங்க. ஒரு வீட்டுல நடக்கற கதை” என்றார். “சுவீடன்காரன் வீடுதானே ஐயரே, ஜெபம் இல்லாமயா இருக்கும்?” என்று பதில் வந்தது.

படத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். ஐயர் தானே சொல்லலாம் என்று நினைத்திருந்தார். அது நடக்காத காரியம். எங்கள் சபைக்கு எந்த வெள்ளைக்காரர் வந்து பேசினாலும் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது தேவசகாயம் சார்தான். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார், சபை மூப்பர். அவரைக் கூப்பிடாமல் வேறொருவரை நிறுத்தினால் அது அவமரியாதை. அவர் மொழிபெயர்ப்புக்கு ஒரு விசேஷம் உண்டு. வந்தவர் இரண்டு வாக்கியம் சொல்வார். சார் அதற்கு ஒரு பிரசங்கம் செய்வார். வந்தவர் சிரிப்புக் கதை சொன்னால் சார் அதை நீக்கிவிட்டு ஒரு வேத வசனம் போடுவார். “அவர் சொல்ல நினைச்சதைத்தான் நான் சொல்றேன்” என்பார்.

ஐயருக்கு இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. சாருக்கு ஒரே மகள், எஸ்தர். பெங்களூரில் நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை பார்த்த வேற்று மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது. அன்றிலிருந்து சார் வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் ஊருக்கு வந்திருந்தது. குவைத்தில் வேலை கிடைத்து, புறப்படுவதற்கு முன்னால் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தது. சார் கேட்டைத் திறக்கவில்லை. “எனக்கு மகளே கிடையாது, போ” என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். தெருவே கேட்டது. ஐயரின் மனைவி, நாங்கள் போதகர் அம்மா என்போம், போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்தரைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். படம் போட்ட மறுநாள் காலை அதற்கு ரயில். அப்புறம் எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

படத்தை முன்கூட்டி ஐயர் வீட்டுச் சுவரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், ஐயர் அர்த்தம் சொன்னார். எந்த ரீலுக்கு அப்புறம் எது என்று தெரிய வேண்டுமே. ஒரு பண்ணை வீடு. கறாரான அப்பா. வீட்டை விட்டுப் போன மகள் கிறிஸ்துமஸ் ராத்திரி திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அப்பா கதவுக்குப் பின்னால் நின்று, “எனக்கு மகள் இல்லை, போய்விடு” என்கிறார். அவள் பனியில் நடந்து போய்விடுகிறாள். கடைசி ரீலில் அவர் மனசு மாறித் தேடிக்கொண்டு ஓடுகிறார், ரயில் போய்விடுகிறது.

“ஐயரே, இதையா சாரை விட்டுச் சொல்லச் சொல்லப் போறீங்க?” என்றேன்.

“நான் படத்தைக் கேட்டு வாங்கினப்போ அந்தப் பொண்ணு வரும்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார் பாவம். “சார்கிட்ட ஒரு தடவை முன்னாடியே பாத்துடுங்கன்னு சொன்னேன். ‘பிஷப் பிரசங்கத்தையே ஒத்திகை பாக்காமத்தான் மொழிபெயர்த்தேன், சினிமாவுக்கு ஒத்திகையா?’ன்னு கேட்டுட்டார்.”

அன்று சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. எங்கள் சபையார் குளித்து, வெள்ளை உடுத்து, பெண்கள் முந்தானையால் தலையை மூடி வந்திருந்தார்கள். ஊரில் மற்ற எல்லாரும் சும்மா படம் என்றதும் வந்திருந்தார்கள். முத்துப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற அம்மா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, மைக், தண்ணீர் டம்ளர், தேவசகாயம் சார். கடைசியில், என் புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே, போதகர் அம்மாவோடு எஸ்தர். முன் வரிசையில் இருந்த அதன் அம்மா அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் திரும்பவே இல்லை.

ஜெபம் முடிந்தது, கீர்த்தனை முடிந்தது, படம் ஆரம்பித்தது. முதல் காட்சியே பனி மூடிய வயல்.

“அடடா, வயல் பூரா உப்புப் பூத்துப்போச்சே” என்று ஒரு மிராசுதார் வருத்தப்பட்டார். “இனிமே இதுல என்னத்த வெளையும்?”

“எறாப் பண்ணைக்காரன் வந்துட்டுப் போயிருப்பான்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஹாலே சிரித்தது. அந்தச் சமயம் கடலோரத்தில் நெல் வயல்களை வாங்கி இறால் குட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்; பக்கத்து வயலெல்லாம் உப்பேறிப் போனது.

அப்புறம் படத்தில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வார்த்தை இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் ஜனம் பொறுத்தது. பிறகு விசில் பறந்தது.

“ஆபரேட்டர், சவுண்டு!”

“சவுண்டு இருக்குங்க! அவங்க பேசல!” என்று நான் கத்தினேன்.

“சொந்தக்காரங்க இத்தன பேரு உக்காந்திருக்காங்க, பேசாம எப்படி இருப்பாங்க? மிஷினைப் பாருய்யா!”

எனக்கே சந்தேகம் வந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தேன் என்றால் பாருங்கள். அவ்வளவு மௌனத்தை எங்கள் ஊர் துக்க வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

“வெறும் உருளைக்கெழங்கும் கருவாடும் தின்னுட்டு உக்காந்திருந்தா பேச்சு எங்கேருந்து வரும்?” என்று மீன் அம்மா விஷயத்தை முடித்தார்.

படத்தில் அந்த அப்பா சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்ததும் எங்கள் சபையார் மொத்தப் பேரும் சத்தமாக ‘ஆமென்’ சொன்னார்கள். சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதிலிருந்து அந்த அப்பா வாய் திறந்தால் சார் குரலில் தேன் வடியும். அப்பா ஒரு சொல் சொன்னால் சார் நாலு சொல் சொன்னார். அந்த அப்பா தன் மனைவியைக் கடிந்து பேசியதை, “அன்பானவளே, சற்றுப் பொறுமையாக இரு” என்று சொன்னார்.

“சார், அந்தம்மா அழுவுது சார்!” என்று ஒரு பெண் கேட்டது.

“அது சந்தோஷக் கண்ணீரம்மா” என்று சார் மைக்கிலேயே பதில் சொன்னார்.

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே!”

“படத்தைப் பாரு. குறுக்கே பேசாதே.”

ஐயர் சுவரோரம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதற்கு இங்கிலீஷ் எழுத்து புரியுமே. “சின்னப் பிள்ளைல எனக்குக் கதை படிச்சுச் சொல்றப்பவும் இப்படித்தான் மாத்திச் சொல்வாங்க. ஓநாய்கூட அப்பா கதைல திருந்திடும்” என்று போதகர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது.

இப்படிச் சிரிப்பும் சத்தமுமாக ஓடிக்கொண்டிருந்த படத்தில் அந்த ராத்திரி வந்தது. பனியில் ஒரு பெண் கையில் பெட்டியோடு வருகிறாள். கதவைத் தட்டுகிறாள்.

ஜனம் அடங்கிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் சார் வீட்டுக் கேட் விஷயம் தெரியும். முன் வரிசையில் சில தலைகள் சார் பக்கம் திரும்பின, உடனே திரையைப் பார்த்துக்கொண்டன. படத்தில் அப்பா கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் உதடு அசைந்தது. கீழே எழுத்து வந்தது.

மைக்கில் சத்தம் இல்லை.

எழுத்து மறைந்தது. அப்போதும் சத்தம் இல்லை. அந்த வார்த்தைகளை அவர் மூன்று நாளைக்கு முன்னால் தன் சொந்த வாயால் சொல்லியிருந்தார். இப்போது ஊர் முன்னால், மைக்கில், மறுபடி சொல்ல வேண்டும்.

“என்ன சார் சொல்றாரு?” என்று மீன் அம்மா கேட்டார்.

சார் தொண்டையைச் செருமினார். “உள்ள வா” என்றார்.

ஹால் பூரா ஒரே பெருமூச்சு. “நல்ல மனுஷன்!” என்று யாரோ சொன்னார்கள். ஆனால் திரையில் கதவு திறக்கவில்லை. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தது.

“ஏன் சார், வான்னு சொல்றாரு, அது பாட்டுக்குப் போவுது?”

“காதுல விழல போலருக்கு. சார், இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க!”

“சத்தமா கூப்பிடுங்க சார்!”

நாலா பக்கமும் கத்தினார்கள். படத்தில் இருக்கிற மனிதரைக் கேட்டார்களா, சாரைக் கேட்டார்களா, அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. சார் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “போகாதம்மா, வா” என்றார். அந்தப் பெண் போய்க்கொண்டே இருந்தது. “வாம்மா. நில்லு. வா” என்றார். அதில் பிரசங்கக் குரல் இல்லை.

எஸ்தர் சிரிக்கவில்லை. “அப்பாவுக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னால் நடந்தது.

அந்த நேரம் பார்த்து ஐயர் என்னிடம் ஓடி வந்தார். “அண்ணே, தலைகீழா சொல்லிட்டாரு! இப்படியே விட்டா கடைசி ரீல் யாருக்கும் புரியாது. ரீல் முடிஞ்சதும் லைட்டைப் போடுங்க. மைக்கை வாங்கி நான் சரி பண்ணிடறேன்.”

ரீல் முடிந்துவிட்டது. தம்பிகளே, என்னிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ரீல் முடிந்தால் முதல் வேலையாக விளக்கைப் போட வேண்டும், பிறகுதான் அடுத்த ரீல். எனக்குத் தொழில் பழக்கிய ஆபரேட்டர் அதை முதுகில் ஓர் அடி வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூட்டத்தை இருட்டில் விடாதே என்பது அவர் சட்டம். என் கை சுவிட்சில்தான் இருந்தது. ஆனால் விளக்கைப் போட்டால் ஊர் மொத்தமும் திரும்பி, நடுவழியில் நிற்கிற எஸ்தரைப் பார்க்கும். அப்பாவையும் பார்க்கும். சாரைப் போன்ற ஒருவர் அத்தனை கண்ணுக்கு முன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மறுபடி சபை மூப்பராகிவிடுவார்.

“கொஞ்சம் பொறுங்க ஐயரே, ரீல் சிக்கிடுச்சு” என்றேன். ரீல் சிக்கவில்லை.

“லைட்டப் போடுய்யா!” என்று விசில் அடித்தார்கள். நான் இருட்டில் தகரப் பெட்டியை உருட்டிச் சத்தம் பண்ணினேன். வேலை நடப்பது போல இருக்க வேண்டுமே. கர்த்தாவே, கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் மனசில் சொன்னேன்.

அப்போது ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் கேட்டது. மைக் உயிரோடுதான் இருந்தது.

“யாரு?” என்றது சார் குரல், ஹால் பூராவுக்கும்.

“நான்தாம்ப்பா.”

விசில் சட்டென்று நின்றுவிட்டது.

“சாப்பிட்டியா?”

அந்த இடத்தில் நான் கையை நீட்டிப் பக்கத்திலிருந்த மைக் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். அதற்குப் பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முன் வரிசைக்காரர்கள் கேட்டதாகப் பலவிதமாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

ரீலை மாட்டி விளக்கைப் போட்டபோது மேஜையில் தண்ணீர் டம்ளர் மட்டும் இருந்தது. எஸ்தரின் அம்மா இடமும் காலியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊர் வாய் மூடியதை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

கடைசி ரீலுக்கு ஐயர் மைக்கில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லித் திருத்திவிட வேண்டும் என்றுதான் போனார். ஜனத்தைப் பார்த்தார். பிறகு, “காத்து பலமா அடிச்சதால அந்தப் பொண்ணுக்கு அப்பா கூப்பிட்டது கேக்கல” என்றார். ஐயர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார், எனக்குச் சந்தேகமில்லை.

திரையில் அந்த அப்பா வெறும் ரயிலடியில் நின்றார். படம் முடிந்தது. வெளிநாட்டில் இந்த இடத்தில் ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் எழுந்து போகுமாம். எங்கள் மீன் அம்மா கூடையை எடுத்துக்கொண்டே திரையைப் பார்த்து, “இங்க ஏன்யா நிக்கிற? வீட்டுக்குப் போய்ப் பாரு. அது வேற வழியா வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் போதகர் அம்மா எஸ்தரின் பெட்டியைச் சார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட் திறந்து கிடந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சாரே ஆட்டோ பிடித்து வந்தாராம். மாப்பிள்ளையை வீட்டுக்குள் விட இன்னும் சில வருஷம் ஆயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பிறகு ஒரு நாள் சார் என்னைத் தெருவில் பார்த்தபோது நின்றார். “அன்னைக்கு மைக்கு பாதியில செத்துப்போச்சே?” என்றார்.

“பழைய மிஷின் சார்” என்றேன்.

“ரிப்பேர் பண்ணி வைங்க. ஈஸ்டருக்கு ஒரு வெள்ளைக்காரர் வர்றாரு.”

“சரிங்க சார்.”

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அறையிலும் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். படம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வைத்தது. அதன் வழியாக ஜனத்தையும் பாருங்கள். எப்போது விளக்கைப் போட வேண்டும் என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். எப்போது போடாமல் இருக்க வேண்டும் என்பதை அந்த நேரத்தில் நீங்களே ஜெபித்துத் தீர்மானிக்க வேண்டியதுதான். கூட்டம் திட்டும். திட்டட்டும்.

இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். சார் அழுதார் என்று சேர்க்க வேண்டாம், இருட்டில் நான் பார்க்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்றும் சேர்க்க வேண்டாம். அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால், “சாப்பிட்டியா” வரைக்கும் சொல்லுங்கள். அதற்கு மேல் மைக் வேலை செய்யவில்லை.